தொட்டால் தெரியாத இடம்

சர்க்கரைக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறுகிற நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலை நீட்டச் சொல்வார்கள். கண்ணை மூடச் சொல்வார்கள். ஒரு நைலான் இழையை எடுத்துப் பெருவிரலில், குதிகாலில், பாதத்தின் ஓரத்தில் என்று தொட்டுத் தொட்டு, "தெரியுதாம்மா? இப்பத் தெரியுதா?" என்று கேட்பார்கள். உங்களுக்கெல்லாம் அது கூசும். சிலர் சிரித்துவிடுவீர்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் முதுகு வேர்க்கும். போன தடவை பரிசோதித்த பெண், "ஏம்மா, கண்ணைத் திறந்து திறந்து பாக்கீங்க? இது என்ன பரீட்சையா?" என்று கேட்டாள்.

எனக்கு அது பரீட்சைதான். பத்து வயதில், ஒரு சாரல் காலம் முழுக்க அந்தப் பரீட்சையை எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீடு தென்காசியில். அப்பாவுக்கு எண்ணெய் வியாபாரம். ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விடுவோம். பேரருவிக்குப் போகிற பாதையில் அப்பா ஒரு கொட்டகை போடுவார். முன்னால் கடை, பின்னால் ஓர் அறை. நல்லெண்ணெய், சீயக்காய்ப் பொடி, ஈரிழைத் துண்டு எல்லாம் விற்போம். குளித்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி. அதற்கென்று ஒரு செம்பு பாய்லர் இருந்தது. அதன் வயிற்றில் கரி கனன்றுகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்கள்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளை ஏன் வரவில்லை என்று அப்போது யார் கேட்டார்கள்?

அந்த வருஷம் அக்காவுக்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை பேசி, ஆவணிக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் மலையாளத்து ஊர் மாதிரிதான். மாப்பிள்ளையின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இனி என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷமே என் இடது முன்கையில், முழங்கைக்குக் கீழே, வெளிறிய ஒரு திட்டு வந்திருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். அம்மா அதைத் தேமல் என்றாள். குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசினாள். போகவில்லை. அது அரிக்கவும் இல்லை, எரியவும் இல்லை. அதனால் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

நான் மறக்கவில்லை. அதற்குள் ஒரு ரகசியம் இருந்தது எனக்கு மட்டும் தெரியும். சாரலில் நின்றால் ஒரு மழைத்துளி தோளிலிருந்து இறங்கும். குறுகுறுவென்று ஊர்ந்து முழங்கைக்கு வரும். அதற்குப் பிறகு காணாமல் போய்விடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று மணிக்கட்டுக்கு மேலே சில்லென்று மறுபடி பிறக்கும். நடுவில் அது எங்கே போகிறது என்று யோசித்து யோசித்துப் பார்ப்பேன். கட்டெறும்பைப் பிடித்து அந்த இடத்தில் விடுவேன். அது கடித்துத் தொங்கும். எனக்கு ஒன்றும் ஆகாது. கூட விளையாடுகிற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். "இவளுக்கு வலிக்கவே வலிக்காது" என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

தெருவுக்கு அம்மை குத்த வந்தவர் வரிசையாகப் பிள்ளைகளை நிறுத்தி ஊசிச் சக்கரத்தைத் திருகினாரே, உங்களுக்கும் அந்தத் தழும்பு இருக்கும். எனக்கு அவர் குத்தியது சரியாக அந்தத் திட்டின் மேல். எல்லாப் பிள்ளைகளும் கதறின. நான் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எம் மவளைப் பாருங்க, கண்ணு கலங்கலை" என்று தெருவெல்லாம் சொன்னார். அன்றைக்கே ஒருவர் அந்தக் கையைப் பிடித்துச் சந்தேகப்பட்டிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். ஒருவருக்கும் தோன்றவில்லை. வலியைத் தாங்கும் பிள்ளை என்றுதான் நினைத்தார்கள். வலி வந்தே சேரவில்லை என்று யார் நினைப்பார்கள்?

சாரல் தொடங்கிய முதல் வாரம். கடையில் நல்ல கூட்டம். அம்மா காப்பி ஊற்ற, நான் டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தேன். தலையில் ஈரத் துண்டு சுற்றிய ஒரு அம்மாள் திடீரென்று அலறினாள்.

"ஏட்டி, கை வேவுது! கையை எடு!"

தீய்ந்த வாடை எனக்கும் அப்போதுதான் வந்தது. முடி பொசுங்கியதும் கறி கருகியதும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. குனிந்து பார்த்தேன். என் இடது முன்கை பாய்லரின் வயிற்றில் சாய்ந்திருந்தது. இழுத்தேன். தோல் கொஞ்சம் செம்பிலேயே ஒட்டிக்கொண்டது.

நான் அழவில்லை. பழக்கம்போலச் சிரித்தேன். "எனக்கு வலிக்கலையே" என்று அந்த அம்மாளிடம் சொன்னேன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். காப்பியைக் குடிக்கவில்லை. அப்பாவின் முகம் மாறியது அப்போதுதான்.

என்னைப் பின்னறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்கச் சொன்னார். தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெரியாததுதான் விஷயமே. சுவரில் ஒரு பல்லி பூச்சிக்காகக் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"தெரியுதா?"

"என்னது அப்பா?"

திரும்பிப் பார்த்தபோது என் கையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருந்தன. அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவுக்குச் சித்தப்பா ஒருவர் இருந்திருக்கிறார். சிற்றாற்றங்கரையில் தனிக் குடிசையில் இருந்து, அங்கேயே செத்துப்போனாராம். வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் குடிசைப் பேச்சு மட்டும் அன்றிரவு என் காதில் விழுந்தது. அவருக்கு என்ன வியாதி என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தொழுநோய் என்று இன்று நான் சொல்லிவிடுகிறேன். அன்று எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. "அது" என்றார்கள். "அது மாதிரி இருக்கு" என்றார் அப்பா. "கல்யாணம் முடியட்டும்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். நீளக் கை வைத்த ஒரு ஜாக்கெட் தைத்துப் போட்டார்கள். சுட்ட புண்ணின் மேல் வாழைப்பட்டைச் சாறு ஊற்றித் துணி சுற்றினார்கள். ஒருவகையில் அந்தப் புண் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. திட்டை அது மறைத்துவிட்டது. யாராவது கேட்டால் பாய்லரில் சுட்டுக்கொண்டாள் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை.

அம்மா என்னைத் தொடுவதை நிறுத்தினாள். ஒருநாள் சட்டென்று நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக. தலை பின்ன அக்காவை அனுப்பினாள். சோற்றைத் தள்ளி வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ வேலை நினைவு வந்த மாதிரி எழுந்து போனாள். துணி சுற்றும்போதுகூட ஓரத்தைப் பிடித்து நுனி விரலால் சுற்றுவாள். எனக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் தூரத்தில் உட்கார்ந்தே எனக்கு ஒரு பாடம் நடத்தினாள். ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் என் கையைத் தொடுவாள்.

"கையைப் பாத்துக்கிட்டே இரு. எவளாவது தொட்டா உடனே 'ஸ்'ன்னு சொல்லணும். கையை இழுத்துக்கணும். செய்."

"ஸ்."

"பிந்திப் போச்சு. தொட்டதும் சொல்லணும். செய்."

"ஸ்."

"முகத்தைச் சுளி. வலிச்சா எப்படி இருக்கும்னு தெரியாதா உனக்கு?"

அந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாதுதான். வேறு இடத்தில் வலித்ததை நினைத்து, அந்த முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். காலில் முள் தைத்தபோது செய்த முகம். கண் கையிலேயே இருக்க வேண்டும், குச்சி படுவதற்கும் நான் கத்துவதற்கும் நடுவே இடைவெளி விழக்கூடாது. சில நாளில் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது.

அப்பாவின் வைத்தியம் வேறு. மூலிகையெல்லாம் தழுவிக்கொண்டு வருகிற தண்ணீர், அருவியில் நின்றால் தீராததும் தீரும் என்று யாரோ ஒரு வைத்தியர் சொல்லியிருக்கிறார். விடிந்தும் விடியாமல், கூட்டம் வருமுன், அப்பா என்னைப் பேரருவிக்குக் கூட்டிப் போவார். ஓரமாக, தண்ணீர் கொஞ்சம் மெலிந்து விழுகிற இடத்தில் நிறுத்துவார். நீங்களும் நின்றிருப்பீர்கள். முதல் அடி தலையில் விழுந்ததும் மூச்சு நின்றுபோகும். தோளில் தடியால் அடிக்கிற மாதிரி விழும். காது அடைத்துவிடும். உடம்பு மொத்தமும் ஒரே சத்தமாக ஆகிவிடும். அத்தனைக்கும் நடுவில் என் இடது முன்கை மட்டும் தண்ணீரே படாத மாதிரி அமைதியாக இருக்கும். தண்ணீர் அதன் மேல் விழுந்து சிதறுவதைக் கண்ணால் பார்ப்பேன். யாரோ ஒருத்தியின் கையை என் தோளில் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

வெளியே வந்ததும் அப்பா கேட்பார். சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்பார்.

"இப்பத் தெரியுதா?"

முதல் நாள் "இல்ல" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு, மறுநாளிலிருந்து "கொஞ்சம் தெரியுது" என்றேன். போகப்போக, "நல்லாத் தெரியுது." அப்பா மலையைப் பார்த்துக் கும்பிடுவார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும், பயமாகவும் இருக்கும். அருவி வேலை செய்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். நம்பியதற்கு ஆதாரம் நான்தான்.

அக்கா மட்டும் நம்பவில்லை. தலை பின்னும்போது ஒருநாள் கேட்டாள்.

"ஏட்டி, நெசத்தைச் சொல்லு. உனக்குத் தெரியுதா, தெரியலையா?"

அவள் விரல்கள் என் பிடரியில் இருந்தன. அந்த வீட்டில் என்னைத் தொட்ட விரல்கள் அவை மட்டும்தான். அவளிடம் பொய் வரவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அவள் துணியை அவிழ்த்து, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து மேலே விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். "இங்க? இங்க?" என்று கேட்டாள். திட்டுக்கு வெளியே ஒரு மச்சம் உண்டு. மச்சத்தில் தெரிந்தது. அதைத் தாண்டியதும் தெரியவில்லை. சில வாரம் கழித்து மறுபடி அப்படிச் செய்தாள். இந்தத் தடவை மச்சத்திலேயே தெரியவில்லை. அவள் மறுபடி மறுபடி அதே இடத்தைத் தொட்டிருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "தொடேன்க்கா, ஏன் சும்மா இருக்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குப் புடவை எடுத்தாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் செங்கோட்டை அத்தை குளிக்க வந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார். கையில் ஒரு கூடை மங்குஸ்தான் பழம். அம்மா கைகால் புரியாமல் பெஞ்சைத் துடைத்தாள். அத்தை நல்ல உயரம், வெள்ளை முண்டு மாதிரி கரை போட்ட புடவை, உரக்கப் பேசுகிறவர். என்னைப் பார்த்ததும், "இங்கன வா மோளே" என்றார். போனேன்.

"கையில என்ன கட்டு?"

"பாய்லர்ல சுட்டுக்கிட்டா மதினி" என்றாள் அம்மா. "ஆறிக்கிட்டு வருது."

"எங்க, பாப்போம். எத்தனை நாளாச்சு?"

"வேண்டாம் மதினி, இப்பத்தான் மருந்து வச்சேன்."

"அட, துணி ஈரமா இருக்கு. ஈரத்தோட கட்டலாமா? புண்ணு எப்படி ஆறும்?"

அத்தை அதற்குள் என்னை மடியோரம் இழுத்து, கடைவாசலைப் பார்க்க உட்காரவைத்து, கட்டை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அம்மா எதிரே நின்று என்னையே பார்த்தாள். கையைப் பார், கையைப் பார் என்று அவள் கண் சொன்னது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி நகர்ந்ததும் "ஸ்" என்றேன். அத்தை ஊதினார். துணி புண்ணோடு ஒட்டியிருந்த இடத்தில் இழுத்தார். "ஸ், ஆ" என்றேன். முகத்தைச் சுளித்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது வாசலில் ஒரு குரங்கு, உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு நின்ற தொந்திக்காரர் ஒருவரின் வேட்டியை உருவிக்கொண்டு கூரையில் ஏறியது. அவர் கோவணத்தோடு, "ஏலே, ஏலே" என்று அதன் பின்னால் குதித்தார். பாதையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து வயதுதானே. விழுந்து விழுந்து சிரித்தேன்.

டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா வேண்டுமென்றே போட்டிருக்கிறாள். திரும்பிக் கையைப் பார்த்தேன். அத்தை புண்ணின் காய்ந்த பொருக்கை உரித்துவிட்டிருந்தார். ரத்தம் கசிந்து அவர் விரலில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஆ!" என்று கத்தினேன்.

மிகவும் பிந்திப்போயிற்று. அத்தையின் விரல் அப்படியே நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முழங்கையை மடக்கி, அதன் பின்புறம் எதையோ தேடுகிற மாதிரி அமுக்கினார். சுண்டுவிரலை நிமிர்த்திப் பார்த்தார். அது முழுக்க நிமிரவில்லை. அதுவரை நானே கவனிக்காத ஒன்று.

"வலிச்சுதா மோளே?"

"ஆமா அத்தை. ரொம்ப வலிச்சுது."

"வலிக்கும், வலிக்கும்" என்றார். காய்ந்த துணியாக ஒன்று கேட்டு வாங்கி, நிதானமாகக் கட்டினார். தன் கையைக் கழுவினார். காப்பியைக் குடித்து முடித்தார். அருவிக்குப் போகாமல் அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

அவர் போனதும் அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மாவின் கை என் மேல் பட்டது. அதன் சூடு, வளையல் உரசியது, விரல் விரலாகப் பதிந்தது, என் கன்னத்துக்கு எல்லாம் தெரிந்தது. அடித்த கையை அம்மா போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் அதையும் பார்த்தேன்.

அடுத்து வந்த நாட்களைப் போல ஒரு காத்திருப்பை நான் பிற்பாடு எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அனுபவித்ததில்லை. செங்கோட்டைப் பஸ் நிற்கும்போதெல்லாம் அப்பா தராசைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். எண்ணெய் வாங்க வந்தவர்கள் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. அக்கா மட்டும் எப்போதும்போல எனக்குத் தலை பின்னினாள். பின்னல் மட்டும் இறுகிப்போயிருந்தது.

அத்தை தனியாகத்தான் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. நேராகப் பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணன், இந்தப் பிள்ளைக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்க மூத்தக்காவுக்கு இருந்துது. மருந்து, மந்திரம், அருவின்னு ஒளிச்சு ஒளிச்சு வச்சு, விரலெல்லாம் போன பொறவுதான் ஆஸ்பத்திரியில கொண்டு காட்டுனாங்க. இப்ப இதுக்கு மாத்திரை வந்திருக்கு. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நானும் வாரேன்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "தங்கச்சி, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. முன்னால கொஞ்சம் இருந்துது. அருவியில நிக்க நிக்கச் சரியாயிட்டு. தினமும் நானே கேக்குதேன். நல்லாத் தெரியுதுன்னு பிள்ளையே சொல்லுதா. ஏட்டி, சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதற்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருட்டில் நின்ற அக்கா பேசினாள்.

"அவ பொய் சொல்லுதா அப்பா. உங்க முகத்தைப் பாத்துச் சொல்லுதா. முந்தி மச்சத்துல தெரிஞ்சுது. இப்ப அதுலயும் தெரியல. கூடிக்கிட்டுத்தான் வருது."

"நீ வாயை மூடுட்டி!" அம்மா பாய்ந்தாள். "உங் கல்யாணம்டி! உங் கல்யாணத்துக்குத்தானே இத்தனையும்!"

"அதுக்காவ இவ கை போவட்டுமா?"

அக்கா அதற்கு முன் அப்பாவுக்கு எதிரே நின்று பேசியதே இல்லை. அதுவும் மாமியாராக வரப்போகிறவரின் முன்னால். அவள் குரல் நடுங்கியது. ஆனால் தலையைக் குனியவில்லை.

அத்தை அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "கல்யாணம் நிக்காது. நான் சொல்லுதேன். பிள்ளைக்குச் செருப்பை மாட்டு" என்றார்.

தென்காசியில் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா. மேசை மேல் பஞ்சு, குண்டூசி, இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். கண்ணை மூடிக்கொள், தொட்ட இடத்தை மற்றக் கை விரலால் காட்டு என்றார். எனக்குப் புரிந்துபோயிற்று, இதற்குத்தானே இத்தனை நாளும் பழகினேன். இமையை ஒரு நூல் அளவு திறந்து வைத்துக்கொண்டு, பஞ்சு படுகிற இடத்தையெல்லாம் சரியாகக் காட்டினேன். இல்லையென்றால் ஆற்றங்கரைக் குடிசைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா சிரித்தார். "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டை எடுத்து என் தலை வழியே போட்டு மூடினார்.

இருட்டு. துவைத்த துண்டின் வாடை. நான் விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். தோளில் ஒன்று பட்டது, காட்டினேன். மணிக்கட்டில் பட்டது, காட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் அவர் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. என் விரல் காற்றில் எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தது. எங்கே தொடுகிறார்கள் என்று சொல்லுங்கள், நான் காட்டிவிடுகிறேன் என்று அழுதேன். கையில் ஒன்றும் தெரியாத பிள்ளை அழுத முதல் அழுகை அது.

முழங்கைக்குப் பின்னால் நரம்பு நூல்கயிறு மாதிரி தடித்திருக்கிறது, ஒரு சாரல் காலம் முந்தி வந்திருந்தால் சுண்டுவிரல் தப்பியிருக்கும் என்று அவர் அப்பாவிடம் சொன்னார். மற்ற விரல்களுக்கு ஒன்றும் ஆகாது, இந்த வியாதி மற்றவர்களுக்கு ஒட்டாது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தனித் தட்டு வேண்டாம் என்றார். அப்பா வரும் வழியில் பஸ்ஸில் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். இடம் இருந்தது.

கல்யாணம் நிற்காது என்று அத்தை சொன்னார் இல்லையா, அது நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் பேசாமல் இருப்பார்களா? அத்தையின் வீட்டு ஆண்கள் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார்கள். அதைச் சொல்லவும் அவரே வந்தார். "நான் ரெண்டு காரியம் நினைச்சேன் மதினி. ஒண்ணு எங் கையை மீறிட்டு. இன்னொண்ணை விடமாட்டேன்" என்றார். அம்மா அவரை உள்ளே கூப்பிடவில்லை. ஆனாலும் மாதா மாதம் செங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்து, அவர்தான் என்னை மாத்திரை வாங்கக் கூட்டிப் போனார். அப்பா என்னோடு தெருவில் நடக்கத் துணிகிறவரை அப்படித்தான் நடந்தது. நாங்கள் பயந்து நடுங்கிய மனுஷி அவர். நான் கைப்பிடித்து நடந்ததும் அவரோடுதான். எனக்கு அவர் என்ன உறவு என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

அக்காவை வாசுதேவநல்லூரில் நிலபுலம் உள்ள ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். தாமதமாகத்தான். நன்றாக வாழ்ந்தாள். கடைசிக் காலத்தில் ஒருநாள் அவளிடம் கேட்டே விட்டேன், என்னால் போன கல்யாணத்தை நினைத்து வருத்தம் உண்டா என்று.

"வருத்தம் இல்லாம இருக்குமாட்டி?" என்றாள். "அழத்தான் செய்தேன். ஆனா அந்த மாப்பிள்ளையை ஒருக்கத்தான் பாத்தேன். உங் கையைத் தினமும் பாத்தேன்."

வெள்ளை மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினேன். திட்டு பரவுவது நின்று, மெல்ல மங்கியது. சுண்டுவிரல் மடங்கியது மடங்கியதுதான். அதோடுதான் எழுதினேன், சமைத்தேன், பிள்ளைகளைத் தூக்கினேன். இடக்கையை அடுப்பண்டை கொண்டுபோகும்போதெல்லாம் கண்ணைக் கூடவே அனுப்புவேன்.

மாத்திரை இனி வேண்டாம் என்று சொன்ன நாளில் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். அதுதான் முதல் தடவை. நான் பெரியவளாகிவிட்டிருந்தேன். தட்டும் பாயும் எப்போதோ ஒன்றாகிவிட்டன, ஆனால் அந்தக் கையை மட்டும் அம்மா தொட்டதில்லை. கதவோரமாகவே நின்றாள். டாக்டரம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். வழக்கம்போலத் துண்டை என் முகத்தில் போட்டுவிட்டு, "அம்மா, நீங்க இங்க வாங்க. இன்னைக்கு நீங்க தொட்டுப் பாருங்க" என்றார். பஞ்சைக் கொடுத்தார் போலிருக்கிறது.

நான் விரலை நீட்டிக் காத்திருந்தேன். மணிக்கட்டில் பட்டது, காட்டினேன். பிறகு ஒன்றும் இல்லை.

"தெரியுதாட்டி?" அம்மாவின் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"இல்லம்மா" என்றேன். ஒளிக்க ஒன்றும் இல்லாமல் சொன்னேன்.

பிறகு அந்தக் கை கனத்தது. தோலுக்கு ஒன்றும் தெரியவில்லை, சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஆனால் தோலுக்கு அடியில், எலும்புக்குப் பக்கத்தில், ஒரு பாரம் இறங்கி முன்கை முழுவதையும் மேசையோடு அழுத்தியது. பஞ்சுக்கு அவ்வளவு கனம் கிடையாது.

"இப்ப?"

"தெரியுதும்மா."

டாக்டரம்மா துண்டை எடுத்தார். அம்மாவின் உள்ளங்கை அந்தத் திட்டின் மேல் விரிந்து கிடந்தது. பரிசோதனை முடிந்தது, எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. அம்மா எடுக்கவில்லை.